எட்டு அணி பன்னிரண்டான கதை (ஆட்டமும் திரையும் – 17)

பெய்ஜிங்கில் 1990-இல் கபடி முதல்முறையாக ஆசிய விளையாட்டின் பதக்கப் பட்டியலில் ஏறியதைப் போன வாரம் பார்த்தோம். தங்கம் வென்ற அந்த இந்திய அணியில் நம் ராஜரத்தினம் இருந்தார். நான்கு ஆண்டு கழித்து ஹிரோஷிமாவிலிருந்து தூத்துக்குடி மாவட்டம் மணத்தி கணேசன் தங்கத்தோடு திரும்பினார். இரண்டு பேருக்கும் அர்ஜுனா விருது வந்தது. வராமல் போனது டி.வி. ஒன்றுதான். கணேசனின் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் 2025-இல் ‘பைசன்’ எடுத்த பிறகுதான் அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

டி.வி. வராத அந்தக் காலத்தில் கபடிக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பின்னால் நடந்தது எளிதாகப் புரியும். ராஜபாளையத்துக்குக் கிழக்கே, அரசு சிமென்ட் ஆலை இருக்கிற ஆலங்குளத்தை எடுத்துக்கொள்வோம். (தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் அல்ல. பெயரை மட்டும் பார்த்துப் பஸ் ஏறி ஏமாந்தவர்கள் உண்டு.) இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஊர்ப் பொங்கல் சாட்டினால் கபடிப் போட்டியும் சாட்டியது போலத்தான். கல் பொறுக்கி, மண் கொட்டிக் கொத்தி, தண்ணீர் தெளித்து இறுக்கி, சுண்ணாம்பில் கோடு போடுவார்கள். சுற்றிலும் கம்பு நட்டு ட்யூப்லைட் கட்டுவார்கள். நுழைவுக் கட்டணம் கட்டிய அணிகள் வேனிலும் டூவீலரிலும் வந்து இறங்கும். சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆட ஆரம்பித்தால் இறுதி ஆட்டம் முடிய விடிந்துவிடும்.

இதன் வரவு செலவுக் கணக்கு நோட்டீஸிலேயே இருக்கும். முதல் பரிசு இன்னார் நினைவாக, அன்பளிப்பு அவர் மகன். இரண்டாம் பரிசு இன்ன கடை. சுழற்கோப்பை இன்ன மன்றம். கொடுத்தவர் பெயரை மைக்செட்காரர் விடிய விடியச் சொல்லிக்கொண்டிருப்பார். இந்த ஆட்டத்துக்கு வந்த விளம்பர வருமானம் அது மட்டும்தான். நன்றாக ஆடுகிறவனுக்கு அதற்கு மேலே கிடைக்கக்கூடியது ஒரு வேலை. மின்வாரியம், ரயில்வே, போலீஸ், வங்கி என்று எதிலாவது விளையாட்டு ஒதுக்கீட்டில் நுழைந்துவிட்டால் குடும்பம் கரையேறியது. எந்த ஊரில் ஆள் இருக்கிறதோ அந்த ஊரில்தான் அணியும் இருந்தது. அணி வேண்டுமென்று யாரும் ஏலம் கேட்டதில்லை.

இந்தக் கணக்கை மாற்றியது ஒரு கேள்வி. மைதானத்தில் நடக்கிற ஆட்டம் அதை நடத்துகிறவருடையது என்பதில் சந்தேகமில்லை. அதன் படம் யாருடையது?

நம் நாட்டில் நெடுநாள் இதற்குத் தூர்தர்ஷன்தான் பதில். 1885-இன் தந்திச் சட்டம் ஒலிபரப்பு, ஒளிபரப்பு அலைகளின் முழு அதிகாரத்தையும் அரசாங்கத்திடம் கொடுத்திருந்தது. தென்மாவட்டங்களில் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டி, பூஸ்டர் வைத்து, இலங்கையின் ரூபவாகினியை இழுத்துப் பார்த்த வீடுகள் இருந்தன. மற்றபடி ஒரே சேனல், ஒரே ஆள். ஆட்டத்தைக் காட்டுவதற்குக் கிரிக்கெட் வாரியத்துக்குத் தூர்தர்ஷன் பணம் கொடுக்கவில்லை; வாரியம்தான் தூர்தர்ஷனுக்குக் கொடுத்தது. 1991 நவம்பரில் தென்னாப்பிரிக்க அணி இந்தியாவுக்கு வந்தது. தங்கள் நாட்டில் இந்த ஆட்டங்களைக் காட்ட உரிமைக்கு என்ன விலை என்று அவர்கள் கேட்ட பிறகுதான், தன்னிடம் விற்கக்கூடிய சரக்கு ஒன்று இருப்பதே வாரியத்துக்குத் தெரிந்தது என்பார்கள்.

தெரிந்த பிறகு சும்மா இருப்பார்களா? 1993-இல் வங்காள கிரிக்கெட் சங்கம் ஹீரோ கோப்பையை நடத்தி, படம் பிடிக்கும் உரிமையை டி.டபிள்யூ.ஐ. என்ற வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றது. தூர்தர்ஷன் முறுக்கிக்கொண்டது. வந்து இறங்கிய கருவிகளைச் சுங்கத்துறை பிடித்து வைத்தது. கல்கத்தா உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று வழக்கு ஓடியது. கடைசி ஓவரில் டெண்டுல்கர் பந்து போட்டு ஜெயித்த அரையிறுதியைப் பார்த்தவர்களில் பலருக்கு, அந்தப் படம் வீட்டுக்கு வருவதற்கே வக்கீல்கள் வாதாட வேண்டியிருந்தது என்பது தெரியாது.

1995 பிப்ரவரி 9-இல் நீதிபதிகள் சாவந்த், எஸ். மோகன், ஜீவன் ரெட்டி மூவரும் தீர்ப்புச் சொன்னார்கள். வான் அலைகள் பொதுச்சொத்து. அரசாங்கமும் அதற்கு ஏகபோக உரிமை கொண்டாட முடியாது. படத்தை விற்கலாம் என்று ஆனது. அந்தத் தீர்ப்பு பேச்சுரிமையைப் பற்றியது என்றுதான் சட்டப் புத்தகங்களில் இருக்கும். எனக்கென்னவோ, இந்திய விளையாட்டின் சந்தை அன்றைக்குத்தான் திறந்தது என்று தோன்றுகிறது.

அமெரிக்காவில் இதே கேள்வி பதினோரு ஆண்டு முன்பே நீதிமன்றம் ஏறியிருந்தது. அங்கே வழக்குப் போட்டவை பல்கலைக்கழகங்கள். அந்த நாட்டில் கல்லூரிக் கால்பந்து (நம் கால்பந்து அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவது) திருவிழா மாதிரி. எந்த ஆட்டத்தை டி.வி.யில் காட்டலாம், ஒரு கல்லூரி எத்தனை முறை தலைகாட்டலாம் என்பதையெல்லாம் என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பு 1950-களிலிருந்து தன் கையில் வைத்திருந்தது. 1981-இல் ஒரே வாரத்தில் இரண்டு ஆட்டம். ஓக்லஹோமாவும் தெற்குக் கலிஃபோர்னியாவும் மோதியதை சுமார் 200 நிலையங்கள் காட்டின. சிட்டடல் என்ற சிறு கல்லூரியும் அப்பலாச்சியன் ஸ்டேட்டும் மோதியதைக் காட்டியவை நான்கே நிலையங்கள். நான்கு அணிக்கும் கிடைத்த தொகை ஒன்று. மொய் எழுதியவருக்கும் எழுதாதவருக்கும் ஒரே பந்தி. பெரிய கல்லூரிகளுக்கு வயிறு எரிந்தது. ஓக்லஹோமாவும் ஜார்ஜியாவும் வழக்குப் போட, 1984 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று அவர்கள் பக்கம் நின்றது. மாறுபட்டுத் தீர்ப்பெழுதியவர் பைரன் ஒயிட். நீதிபதிகளில் அவர் ஒருவர்தான் இளமையில் அந்த ஆட்டத்தைத் தொழிலாகவே ஆடியவர். கல்லூரி விளையாட்டைச் சந்தைச் சரக்காக மட்டும் பார்க்கக் கூடாது என்பது அவர் வாதம். அது எடுபடவில்லை.

பிறகு நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். அங்கே கல்லூரிகள் பத்துப் பன்னிரண்டாகச் சேர்ந்து ‘கான்ஃபரன்ஸ்’ என்று வட்டாரக் கூட்டணி வைத்துக்கொள்ளும். பக்கத்து ஊர்க் கல்லூரிகள், பஸ்ஸில் போய் ஆடிவிட்டு வரும் தூரம், தலைமுறைப் பகை. தீர்ப்புக்குப் பிறகு டி.வி. உரிமையை இந்தக் கூட்டணிகள் தனித்தனியே விற்கத் தொடங்கின. விற்கிறவர் சரக்கைப் பெருக்கத்தானே பார்ப்பார்? ‘பிக் டென்’ என்ற மத்திய மேற்குக் கூட்டணி 2007-இல் ஃபாக்ஸோடு சேர்ந்து சொந்தச் சேனலே தொடங்கியது. கூட்டணியின் எல்லைக்குள் இருக்கும் மாநிலத்தில் ஒவ்வொரு கேபிள் இணைப்புக்கும் அதற்கு வரும் மாதக் காசு அதிகம். எல்லைக்கு வெளியே குறைவு. அப்படியானால் எல்லையை நகர்த்தினால் போதும். 2014-இல் ரட்கர்ஸையும் மேரிலாண்டையும் சேர்த்தார்கள். ரட்கர்ஸ் அந்த ஆட்டத்தில் பெரிய புலி ஒன்றும் இல்லை. ஆனால் அது இருக்கும் நியூ ஜெர்சியில், நியூயார்க் நகரை ஒட்டி, லட்சக்கணக்கான கேபிள் இணைப்புகள் இருந்தன. மேரிலாண்டுக்குப் பக்கத்தில் வாஷிங்டன்.

அணியைச் சேர்ப்பதென்றால் ஆடுகிற ஊரைச் சேர்ப்பது என்ற பழைய பொருள் அங்கே முடிந்தது. பார்க்கிற வீட்டைச் சேர்ப்பது என்றானது. 2022-இல் பிக் டென் போட்ட டி.வி. ஒப்பந்தம் ஏழு ஆண்டுக்கு 700 கோடி டாலருக்கு மேல். 2024-இல் பசிபிக் கரைக் கல்லூரிகள் நான்கு அதில் சேர, பத்தின் பெயரைத் தாங்கிய கூட்டணியில் பதினெட்டு உறுப்பினர்கள். அவையும் மற்றவையும் விட்டுப்போன பசிபிக் கூட்டணியில் அன்று மிஞ்சியது இரண்டே இரண்டு. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு இன்று அட்லாண்டிக் கரைக் கூட்டணியில் இருக்கிறது. வாலிபால் ஆடும் பிள்ளைகள்கூட ஒரு ஆட்டத்துக்காகக் கண்டத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பறக்கிறார்கள்.

நம் பல்கலைக்கழக விளையாட்டில் இப்படி எதுவும் நடக்கவில்லை. ராஜபாளையம் ராஜூக்கள் கல்லூரியில் படிக்கிற பையன் நன்றாக ஆடினால் மதுரை காமராசர் பல்கலைக்கழக அணிக்குப் போவான், அங்கிருந்து தென்மண்டலம், அதைத் தாண்டினால் அகில இந்தியப் போட்டி. மண்டலத்தைத் தீர்மானிப்பது நில வரைபடம். அது மாறாததற்குக் காரணம் நம் கட்டுப்பாடோ கொள்கையோ என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆட்டங்களை யாரும் விலைக்குக் கேட்கவில்லை. 2020-இல் புவனேஸ்வரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகள்தாம் அந்தப் பிள்ளைகளைக் கொஞ்சமாவது திரைக்குக் கொண்டுவந்தன.

கபடிக்கு வேறு வழி திறந்தது. ஆனந்த் மஹிந்திராவும் வர்ணனையாளர் சாரு சர்மாவும் சேர்ந்து மஷால் ஸ்போர்ட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 2014 ஜூலை 26-இல் மும்பையில் புரோ கபடி லீகை ஆரம்பித்தார்கள். எட்டு அணி, 60 ஆட்டம், ஐந்தே வாரம். ஸ்டார் சேனல் காட்டியது. அந்த முதல் சீசனைப் பார்த்தவர்கள் 43 கோடிப் பேருக்கு மேல் என்று அன்றைய டி.ஆர்.பி. கணக்கு சொன்னது. ஐ.பி.எல்.லுக்கு அடுத்த இடம். பட்டணத்து விளம்பரக்காரர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். ஆலங்குளத்துக்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருந்திருக்கும்?

ஆனால் ஊரில் ஆடிய ஆட்டத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் காட்டவில்லை. மண் போய் ‘மேட்’ வந்தது. வெறுங்காலுக்கு ஷூ வந்தது. ஆண்களுக்கான ஆடுகளம் நீளம் 13 மீட்டர், அகலம் 10 மீட்டர். கிரிக்கெட் மைதானம் மாதிரி கேமரா தேடி அலைய வேண்டாம். பதினாலு பேரும் ஒரே சட்டத்துக்குள் அடங்கிவிடுவார்கள். ரெய்டுக்கு 30 விநாடி என்று திரையின் மூலையில் கடிகாரம் ஓடியது. மூச்சுப் பிடித்துப் பாடுவதை நடுவர் காதால் கேட்பதோடு, ரெய்டின் நேரத்தைப் பார்க்கிறவரே எண்ணிக்கொள்ளலாம் என்றானது.

எல்லாவற்றையும்விடக் கெட்டிக்காரத்தனமான விதி ‘டூ ஆர் டை’. ஊர் ஆட்டத்தில் இரண்டு புள்ளி முன்னால் இருக்கிற அணி என்ன செய்யும்? கோட்டைத் தொட்டுவிட்டுச் சும்மா திரும்பும். மறுபடி போகும், சும்மா திரும்பும். கூட்டம் கத்தும், நேரம் ஓடிவிடும். இரண்டு ரெய்டு வெறுமனே போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஆள் அவுட் என்று விதி வந்ததும் அந்தத் தந்திரம் செத்தது. சில நிமிடத்துக்கு ஒருமுறை, யாருக்காவது புள்ளி விழுந்தே தீர வேண்டிய ஒரு கணம் வந்துகொண்டே இருக்கும். ரிமோட்டைக் கையில் வைத்திருக்கிறவனைப் பிடித்து நிறுத்த இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. மூன்று பேர், அதற்கும் குறைவாக இருக்கும்போது பிடித்தால் ‘சூப்பர் டேக்கிள்’, ஒரு புள்ளி கூடுதல். தோற்கிற அணியைப் பார்க்கிறவனும் சேனலை மாற்ற மாட்டான். இன்றைக்கு நம் பக்கத்துப் பொங்கல் போட்டிகளிலேயே, “மாப்ள, மூணாவது ரெய்டு, ஏறி அடிச்சுட்டு வா” என்று கோட்டுக்கு வெளியிலிருந்து சத்தம் கேட்கிறது. டி.வி. தன் விதியை ஊர் மண்ணுக்கே திருப்பி அனுப்பிவிட்டது.

2015-இல் ஸ்டார் குழுமம் மஷால் ஸ்போர்ட்ஸின் 74 சதவீதப் பங்கை வாங்கியது. அமெரிக்காவில் கூட்டணி சேனல் வைத்துக்கொண்டது என்றால், இங்கே சேனல் லீகையே வைத்துக்கொண்டது. படம் யாருடையது என்ற கேள்விக்கு இனி வேலையில்லை, படக்காரர்தான் ஆட்டக்காரர்.

அதற்கப்புறம் விரிவாக்கம் எந்தத் திசையில் போகும் என்பதற்கு ஜோசியம் பார்க்கத் தேவையில்லை. 2017-இல் எட்டு அணி பன்னிரண்டாயிற்று. தமிழ்நாடு, குஜராத், ஹரியானா, உத்தரப் பிரதேசம். இவற்றில் ஹரியானா கபடி விளையும் பூமி. அதற்கு அணி இல்லாமல் நான்கு சீசன் ஓடியதே அநியாயம். மற்ற மூன்றும் மக்கள்தொகை பெருத்த, விளம்பரச் சந்தை பெருத்த மாநிலங்கள். குஜராத்தை அதானியும், ஹரியானாவை ஜே.எஸ்.டபிள்யூ.வும், உத்தரப் பிரதேசத்தை ஜி.எம்.ஆரும் எடுத்தன. தமிழ் தலைவாஸ் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஐக்வெஸ்ட் நிறுவனத்துக்குப் போனது. டெண்டுல்கர் பங்குதாரர், கமல்ஹாசன் விளம்பரத் தூதர். ஆட்டங்கள் 60-லிருந்து 138 ஆகின, ஐந்து வாரம் மூன்று மாதமாயிற்று. சேனலுக்கு நான்கு அணி கூடியதைவிட இந்த மூன்று மாதம் பெரிது. விற்க அத்தனை மாலை நேரம் கிடைத்தது. விவோ செல்போன் நிறுவனம் ஐந்து ஆண்டு விளம்பரதாரராக 300 கோடி ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டது.

தமிழ்நாட்டுக்கு ஏன் 2017-இல் வந்தார்கள், 2014-இலேயே ஏன் வரவில்லை? அதே 2017 மே மாதம் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் சேனல் தொடங்கியது. ஜூலையில் தமிழ் தலைவாஸ் களமிறங்கியது. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் தமிழில் நாள் முழுக்க விளையாட்டு காட்டப் போகிற சேனலுக்குத் தமிழில் பெயர் வைத்த ஒரு அணி வேண்டியிருக்கும் என்பது ரட்கர்ஸ் கதையைப் படித்தவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஜூலை 28, ஹைதராபாத் கச்சிபௌலி உள்ளரங்கம். முதல் ஆட்டமே தெலுங்கு டைட்டன்ஸோடு. 27–32 என்று தோற்றது தலைவாஸ். பயிற்சியாளர் கே. பாஸ்கரன் நம்மவர், முதல் சீசனில் ஜெய்ப்பூரைக் கோப்பை வெல்ல வைத்தவர். கேப்டன் அஜய் தாக்கூர் இமாச்சலத்துக்காரர். பிரபஞ்சன் மாதிரி ஒரு சிலர் தவிர, தமிழ்ப் பையன்கள் எங்கே என்று ஊர்ப்பக்கம் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருந்தது. ஏலத்தில் அதற்கு இடமில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துத் தர்மராஜ் சேரலாதன், எல்லா அணிக்காரர்களும் ‘அண்ணா’ என்று கூப்பிடுகிற அந்த மனிதர், நாற்பதைத் தாண்டிய வயதில் 2016-இல் கோப்பை வாங்கித் தந்தது பாட்னாவுக்கு. முதல் மூன்று சீசனிலும் தலைவாஸ் பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்தது. 2022-இல் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு உட்கார்ந்துவிட்டார். ஆச்சரியம், அந்த சீசனில்தான் இளைஞர்களை வைத்தே அரையிறுதி வரை போனார்கள்.

ஆட்டக்காரர் விலையையும் பார்த்துவிடுவோம். 2014-இல் உச்ச விலை ராகேஷ் குமாருக்கு, 12 லட்சத்து 80 ஆயிரம். அணிகள் பெருகிய 2017-இல் நிதின் தோமருக்கு 93 லட்சம். மறு ஆண்டே மோனு கோயத் ஒன்றரைக் கோடியைத் தாண்டினார். பன்னிரண்டு பேர் ஏலம் கேட்டால் எட்டுப் பேர் கேட்டதைவிட விலை ஏறத்தானே செய்யும். விரிவாக்கத்தால் ஆட்டக்காரனுக்கு நன்மையே இல்லை என்று சொல்வது பொய். மின்வாரியத்து எழுத்தர் வேலையை வாழ்நாள் கனவாக நினைத்த ஆட்டத்தில் இது சிறிய மாற்றமில்லை.

ஆனால் ஏலத் தொகை வேறு, வருமானத்தில் பங்கு வேறு. 2021-இல் ஐந்து சீசனுக்கான ஒளிபரப்பு உரிமை ஏலத்துக்கு வந்தபோது ஏறத்தாழ 908 கோடிக்கு எடுத்தது ஸ்டார்தான். லீகின் பெரும்பங்குக்காரராக அன்று இருந்ததும் ஸ்டார்தான். வலது பையிலிருந்து இடது பைக்குப் போகிற பணத்தில் பன்னிரண்டு முதலாளிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆட்டக்காரர்களுக்கு என்று தனியாக ஒரு சதவீதம் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. அதை எழுதித் தருகிறோம் என்று 2019-இல் ஒரு எதிர்க் கூடாரம் கிளம்பியது. இந்தோ இன்டர்நேஷனல் பிரீமியர் கபடி லீக் என்று பெயர். வருமானத்தில் 20 சதவீதம் ஆட்டக்காரர்களுக்கு என்று அறிவித்தார்கள், சென்னை பெயரிலும் பாண்டிச்சேரி பெயரிலும் அணிகள் வந்தன. ஒரு சீசனோடு அடங்கிவிட்டது. அமெரிக்காவில் இதே கோரிக்கை நீதிமன்றம் வழியாகப் போய், 2025 ஜூனில் ஒரு சமரசத் தீர்ப்பாக முடிந்தது. ஒரு கல்லூரி தன் ஆட்டக்காரர்களுக்கு ஆண்டுக்கு சுமார் இரண்டு கோடி டாலர் வரை நேரடியாகப் பங்கு கொடுக்கலாம். 1984-இல் படத்தை விற்க உரிமை வாங்கிய கல்லூரிகள், படத்தில் ஓடுகிறவனுக்குப் பங்கு கொடுக்க 41 ஆண்டு எடுத்துக்கொண்டன.

2021 டிசம்பர் 22-இல் தொடங்கிய எட்டாவது சீசன் கொரோனா காரணமாகப் பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஒரே ஓட்டல் வளாகத்தில் நடந்தது. பார்வையாளர் ஒருவர் கூட இல்லை, டிக்கெட் இல்லை, சொந்த ஊர் எதிரூர் இல்லை. இரண்டு மாதத்தில் எல்லா ஆட்டமும் நடந்து, கோப்பையும் கொடுத்தார்கள். லீகின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை அந்த சீசன் மாதிரி வேறெதுவும் காட்டியதில்லை. பிறகு 2024-இல் ஹைதராபாத், நொய்டா, புனே என்று மூன்றே ஊரில் முடித்துக்கொண்டார்கள். தமிழ் தலைவாஸுக்குச் சென்னையிலேயே ஆட்டம் கிடையாது. 2025-இல் நான்கு ஊர், அதில் சென்னை உண்டு. நேரு விளையாட்டரங்க வளாகத்தைத் தாண்டித் தெற்கே, அதாவது கபடி அதிகமாக ஆடுகிற மாவட்டங்களின் பக்கம், அந்த ‘மேட்’ இதுவரை விரிக்கப்படவில்லை. கேட்டால் அரங்கம் இல்லை என்பார்கள், அதுவும் உண்மைதான். குளிரூட்டிய உள்ளரங்கம் ராஜபாளையத்திலும் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இல்லை.

கிரிக்கெட் இதே பாதையில் போனபோது கூட்டிய அணிகளே உதிர்ந்தன. 2010 மார்ச் 21-இல் சென்னையில் கூடி ஐ.பி.எல். ஏலம் நடத்தினார்கள். புனே 37 கோடி டாலர், கொச்சி 33 கோடியே 30 லட்சம் டாலர். அடுத்த ஆண்டே கொச்சி காணாமல் போனது. எட்டைப் பத்தாக்கி, மறுபடி எட்டாக்கி, 2022-இல் திரும்பவும் பத்தாக்கிய அந்தக் கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)